இஸ்ரவேலின் இரட்சிப்பும் என் வீட்டுக்காரரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைச் சபை வாசலில் இறக்கிவிடும்போது என் வீட்டுக்காரர் சொல்வது ஒரே வாக்கியம்தான். "நீ ஜெபத்தை முடிச்சுட்டு வா டீச்சரு. நான் வண்டியோட வெளிய நிக்கிறேன்." பிறகு பூக்கூடை ஏற்றும் அந்தச் சின்ன வேனை எதிர்ப்பக்கம் புங்க மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பேப்பரை விரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு. அவர் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. ஒரு நாளும் என்னைக் கொண்டுவந்து விடாமல் இருந்ததும் இல்லை.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் சம்சாரி அவர். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போனவள். பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் பூ வண்டியில் இடம் கொடுத்தார். பிறகு பஸ்ஸைத் தவறவிடுவதே எனக்கு வழக்கமாகிவிட்டது. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணி அழுதார்கள், அவர் வீட்டில் சாமியாடி அழுதார்கள். இப்போது நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், திண்டுக்கல் டவுனில் குடியிருக்கிறோம். அவர் மட்டும் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்ப் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, சபை நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுவார்.

அவரை மனந்திரும்பச் சொல்லி நான் கேட்டதே இல்லை என்றால் அது பொய். கேட்டிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். "எங்க குலசாமிய விட்டுட்டு வரச் சொல்றியே, அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்பார்.

எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ், நினைப்பு முழுவதும் எருசலேம். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. உலகத்தின் முடிவு எந்த வரிசையில் வரும் என்று அம்புக்குறி போட்டு, நெருப்பும் மிருகங்களும் வரைந்து, கடைசியில் ஒரு பொன்னிற நகரம் இருக்கும். பாஸ்டரையா கையில் சிவப்பு லைட் அடிக்கிற சின்ன டார்ச் வைத்துக்கொண்டு, "நாம இப்ப இங்க இருக்கோம்" என்று காட்டுவார். வாராவாரம் அந்தச் சிவப்புப் புள்ளி கொஞ்சம் நகரும். எருசலேமின் வாசல்கள் ஒவ்வொன்றும் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு விசுவாசி வீட்டுக்கு ஜெபத்துக்குப் போனபோது மட்டும் காய்கறி மார்க்கெட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வழி தெரியாமல் போன் பண்ணினார்.

அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிரியமான செய்தி இஸ்ரவேலின் இரட்சிப்பு. இத்தனை காலம் இயேசுவை ஏற்காமல் இருந்த யூத ஜனம், கடைசிக் காலத்தில், தாங்கள் குத்தினவரை ஏறெடுத்துப் பார்த்துப் புலம்பி அழுது, மொத்தமாக இரட்சிக்கப்படும் என்பது வேதத்தில் உள்ள வாக்குத்தத்தம். நானும் அதை நம்புகிறவள்தான், இப்போதும் நம்புகிறேன். எனக்கு ஆகாதது, நாங்கள் அதைக் கொண்டாடிய விதம். அந்தத் தேசத்தில் குண்டு விழுந்தது என்று டிவியில் சொன்னால் எங்கள் சபையில் முகமெல்லாம் மலர்ந்துவிடும். "காலம் நெருங்கிருச்சு" என்பார்கள். செத்தவர்கள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, பெரியவர்களா குழந்தைகளா என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முதல் பங்கு இஸ்ரவேலுக்கு. அப்புறம் ஆட்சியாளர்கள், அப்புறம் மழை. அதற்குள் பசி வந்துவிடும். வியாதியஸ்தர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே மூச்சில் ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு எழுந்துவிடுவோம்.

அந்த ஒரே மூச்சில் அடங்கியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்துவிட்டார், கல்லுப் போல இருக்கிறார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. சபைக்கென்று ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கே என் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று பாஸ்டரையாவிடம் போய்க் கேட்டேன்.

"ஞானஸ்நானம் எடுத்துட்டா எடம் ரெடி சிஸ்டர்," என்றார். "எடுக்காதவங்கள உள்ள வச்சோம்னா, எக்காளம் தொனிச்சு மரிச்சவங்க எந்திரிக்கிற அன்னைக்குக் குழப்பமாயிரும்ல."

எக்காளம் ஊதுகிறவருக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்று கேட்க வாய் துடித்தது. இடம் வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், "எடத்துக்காக முங்கி எந்திரிச்சா, அது உங்க சாமிக்கும் மரியாதை இல்ல, எங்க சாமிக்கும் மரியாதை இல்ல டீச்சரு," என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இத்தனை வருஷம் ஒரு கட்டிலில் படுத்துவிட்டு, செத்த பிறகு நான் காம்பவுண்டுக்கு உள்ளே, அவர் வெளியே என்றால் எப்படி? பயமாகவும் இருந்தது. மண்ணுக்குள்ளேயே இப்படிப் பிரித்தால், அதற்கு மேலே என்ன ஏற்பாடோ.

இப்படி நான் வெந்துகொண்டிருந்த நாளில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நேரம் கழித்து வந்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் கோபமாக நின்றிருந்தேன். வேனின் முன்சீட்டில், காலிப் பூக்கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரத் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"செம்பட்டிகிட்ட கொடைக்கானல் பஸ்ஸு படுத்துருச்சு டீச்சரு. மத்தவுகள்லாம் வேற பஸ்ஸுல ஏறிட்டாக. இந்தத் தம்பி அம்புட்டுப் பெரிய மூட்டையத் தூக்கிக்கிட்டு நின்டுக்கிட்டு இருந்துச்சு. மெட்ராஸ் ரயிலு சாயங்காலந்தானாம். அதுவரைக்கும் எங்கிட்டுப் போகும்?"

எந்த ஊர் தம்பி என்று இங்கிலீஷில் கேட்டேன். இஸ்ரேல் என்றான்.

இன்னொரு தடவை கேட்டேன். இஸ்ரேல்தான். பிறகு விசாரித்ததில் விஷயம் சாதாரணமானது. கொடைக்கானலுக்கு மேலே வட்டக்கானல் என்று ஒரு மலைக் கிராமம். அந்த நாட்டுப் பிள்ளைகள் பட்டாளத்தில் இருந்து முடித்துவிட்டு, அங்கே கூட்டம் கூட்டமாக வந்து தங்குவார்களாம். பூமியெங்கும் சிதறடிக்கப்பட்ட ஜனத்துக்காக நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்து ஜெபித்துக்கொண்டிருக்க, அந்த ஜனம் எங்கள் மாவட்டத்திலேயே மலை மேல் உட்கார்ந்து ஆம்லெட் தின்றுகொண்டிருந்திருக்கிறது. சபையில் ஒருவருக்கும் தெரியாது.

அவனை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் மனதில் வேறு கணக்கு ஓடியது. இஸ்ரவேலையே கூட்டிக்கொண்டு வந்து சபை வாசலில் இறக்கின மனுஷனுக்கு ஆறடி இடம் தரமாட்டேன் என்று பாஸ்டரையா எப்படிச் சொல்வார்? அதனால் சபைக்கே அழைத்துப் போனேன். வாசலில் வைத்து, "யூதர் ஐயா. எங்க வீட்டுக்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு," என்று இரண்டாவது வாக்கியத்தை அழுத்திச் சொன்னேன். பாஸ்டரையா முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டார். அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தத் தம்பியை முன்வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். ஒருவர் ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று தன் பைக் சாவியை அவன் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். புனித யாத்திரை போனவர்கள் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவந்து வைத்திருந்த அவன் ஊர் மண்ணை அவனுக்கே பயபக்தியோடு காட்டினார்கள். அவன் மரியாதையாகப் பார்த்துவிட்டு, டாய்லெட் எங்கே இருக்கிறது என்று என்னிடம் மெல்லக் கேட்டான்.

அன்றைக்குப் பிரசங்கம் என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாஸ்டரையா தமிழில் பேச, நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. சிவப்பு லைட் ஃபிளெக்ஸில் ஏறியது. உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்று எழுவது, சிதறினவர்கள் சேர்க்கப்படுவது எல்லாம் சரளமாகப் போனது. பிறகு புள்ளி நெருப்புப் படத்துக்கு வந்தது. இரட்சிப்புக்கு முன்னால் பெரிய உபத்திரவம் வரும், அந்த ஜனத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாண்டுபோகும், மீதி ஒரு பங்கு புடமிடப்பட்டு மிஞ்சும் என்றார். சபை 'ஆமென்' என்றது. நானும் எத்தனையோ தடவை அந்த இடத்தில் 'ஆமென்' சொன்னவள்தான். அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டி வந்தபோதுதான் நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அவன் ஃபிளெக்ஸை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தான். பிறகு, "எங்க வீட்டில நாங்க மூணு பேர். அண்ணன், நான், தங்கச்சி," என்றான். "இதில எந்த ரெண்டு பேர்னு உங்க படத்தில போட்டிருக்கா?"

"தம்பி என்ன சொல்றாரு சிஸ்டர்?" என்று பாஸ்டரையா ஆவலாகக் கேட்டார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். எழுத்துக்கு எழுத்து அப்படியே நடக்கும் என்று வாராவாரம் மேஜையைத் தட்டுகிறவர், "அது அடையாளப்பூர்வமாவும் இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு லைட்டை அவசரமாகப் பொன்னிற நகரத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கே போனதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "தம்பி, நீங்க இன்னைக்கு விசுவாசிக்கலைன்னாலும் கவலை இல்லை. உங்க முற்பிதாக்களுக்காகத் தேவன் உங்கள நேசிக்கிறாரு. அவர் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்கமாட்டாரு. கடைசியில நீங்க எல்லாரும் உள்ள வந்துருவீங்க." நான் இதையும் மொழிபெயர்த்தேன். சொல்லச் சொல்ல என் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. புங்க மரத்தடியில் வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு, என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் விருந்து. திண்டுக்கல்லுக்கு வந்த விருந்தாளிக்கு வேறென்ன? பக்கத்துத் தெரு பாய் கடையிலிருந்து மட்டன் பிரியாணி. விருந்தாளி எந்த நாடு என்று பாய்க்குத் தெரிந்தால் வம்பு என்று நினைத்து, வாங்கப் போன சபை மூப்பர் பிறந்தநாள் விசேஷம் என்று பொய் சொல்லியிருக்கிறார். ஆராதனை தொடங்குவதற்கு முன்பே பாய்க்கு எல்லாம் தெரியும். "அந்தப் புள்ளைக்குக் காரம் ஒத்துக்காதுல, பாத்து வைங்க," என்று சொல்லி அனுப்பினாராம்.

இலை போட்டு, பிரியாணி குவித்து, அதன் மேலேயே அன்பாகத் தயிர் வெங்காயத்தை ஊற்றினார்கள். அந்தத் தம்பி கையை எடுத்துக்கொண்டான். பக்திமான் எல்லாம் இல்லையாம் அவன். ஆனால் அவன் அம்மா வீட்டில் கறியையும் பாலையும் தயிரையும் ஒன்றாகச் சேர்க்கமாட்டார்களாம். அந்த ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை, மன்னிக்க வேண்டும் என்றான். தயிரைத் தள்ளிவிட்டுச் சாப்பிடச் சொல்லலாம் என்று பார்த்தால், கறியை ஊறவைத்ததே தயிரில்.

ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற கட்டளை எங்கள் சபையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாஸ்டரையா அதை வைத்து ஒரு மாதம் பிரசங்கம் பண்ணியிருக்கிறார். அதற்கு ஆவிக்குரிய அர்த்தம் இன்னது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார். அதற்குச் சாப்பாட்டு அர்த்தமும் உண்டு என்றும், அதைக் கேட்டு நடக்கிற மனுஷர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு நேராக வெளியே போய்விட்டான். மரத்தடியில் என் வீட்டுக்காரர் நான் காலையில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியாது, மற்றவனுக்குத் தமிழ் தெரியாது. இவர் பொட்டலத்தில் பாதியை வாழையிலையோடு கிழித்து அவனிடம் நீட்டினார். வண்டியிலிருந்து சிறுமலை வாழைப்பழத்தையும் எடுத்துக் கொடுத்து, "சாப்புடு அப்பு," என்றார். இரண்டு பேரும் வேனின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பாஸ்டரையா பதறிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடிவந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"என்ன சிஸ்டர் இது, இஸ்ரவேல் வெளிய உக்காந்துருக்கு," என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "ரெண்டு பேருந்தான் வெளிய உக்காந்துருக்காங்க ஐயா. ஒருத்தர் நம்பாட்டியும் கடைசியில உள்ள வந்துருவாருங்கிறீங்க. இத்தன வருசமா என்னை இந்த வாசல்ல கொண்டாந்து விட்டவரு என்ன ஆவாரு?"

"அது வேற சிஸ்டர். அவங்களுக்குத் தேவனோட உடன்படிக்கை இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு என்ன உடன்படிக்கை இருக்கு?"

"என்னோட பண்ணுனது இருக்கு ஐயா."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்தான், என் அம்மா சாகும்போது ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "அது ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணுனதுதான சிஸ்டர்," என்றார். பிறகு தாழ்ந்த குரலில், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் புறம்போக்கு இருக்கிறது, வேண்டுமானால் கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்றார். சுவரை ஒட்டியே வைத்தால் கிட்டத்தட்டப் பக்கத்தில் மாதிரிதானாம்.

நான் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் அந்தத் தம்பி மூட்டையை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தான். பிறகு என்னிடம் திரும்பி, கேலி இல்லாமல்தான் கேட்டான்: "நாங்க எல்லாரும் இரட்சிக்கப்படுற அந்த நாள்ல, இவர் எங்க இருப்பார்?"

"என்ன கேக்குது தம்பி?" என்றார் இவர்.

"ரயில் எந்த பிளாட்பாரம்னு கேக்குது," என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேகம்பூரில் வண்டியை ஓரங்கட்டி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முற்பிதாக்கள், உடன்படிக்கை, புறம்போக்கு, அந்தத் தம்பி உண்மையில் கேட்டது எல்லாம். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். "எனக்கு அந்த எடம் வேணாங்க. ஒங்க தோட்டத்துல எனக்கு எடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"மல்லிக்கு நடுவுல வேணாம். பூவெடுக்க வர்ற பொம்பளையாளுக பயப்படுவாக. கெணத்து மேட்டுல எங்க அய்யாவ வச்ச எடத்துக்குப் பக்கத்துல ரெண்டு பேரும் கெடப்போம்," என்றார். டீ டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். வண்டி கொஞ்ச தூரம் போன பிறகுதான் மீதியைச் சொன்னார்.

"எக்காளம் ஊதுனா நீ தயங்காம எந்திரிச்சுப் போ டீச்சரு. உள்ள போயி அந்தத் தம்பிய, ஒங்க அம்மாவ எல்லாம் பாத்துட்டு, ஜெபத்த முடிச்சுட்டு வா. நான் வண்டியோட வெளிய நிக்கிறேன்."